மூன்று சொட்டு

காலை ஐந்து நாற்பதுக்கு டீச்சர் வீட்டு வாசலில் கார் நிற்கும். நான்கு ஆண்டுகளில் அது ஐந்து நாற்பத்தொன்று ஆனதில்லை.

ஹாரன் தேவைப்பட்டதில்லை. இருபத்தாறு வயதான அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போதே டீச்சருக்குக் கேட்டுவிடும். விளக்கை அணைப்பார். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். துணிப்பையில் ஒரு போர்வை, ஒரு புத்தகம், அரை பாட்டில் தண்ணீர். ஒரு நாள் முழுவதற்கும் அவருக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீரில் அது பாதி.

முன்சீட்டில் தையல்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.

"இன்னிக்கும் இருமுதே உன் வண்டி," என்றார்.

"இருமினாலும் நேரத்துக்கு வருதுல்லண்ணே. உங்கள மாதிரியா, மூணு தடவை கூப்பிடணும்?"

"பட்டன் போட வேண்டாமா? தையக்காரன் பட்டன் இல்லாம வந்தா சிரிக்க மாட்டாங்க?"

ஓட்டுபவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கார்ச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். அவள் கணவர் முதுகு போய்ப் படுக்கையோடு ஆனபோது கழற்றிக் கொடுத்த சாவி. பதினோரு ஆண்டுகளாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் சாவியக்கா.

செவ்வாய், வியாழன், சனி இந்த இருவர். மற்ற மூன்று நாளும் வேறு இருவர். எல்லோருக்கும் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார்கள். ஆட்களை வண்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஆஸ்பத்திரியின் வண்டி மேசை. அந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமென்றால் முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் இருக்கும் வண்டி போர்ச் வரை ஏறிப் போகலாம். இல்லாத வண்டி வெளிகேட்டில் நின்றுவிடும். கேட்டிலிருந்து போர்ச் வரை சரிவான பாதை. தொண்ணூற்று நான்கு அடி வைக்க வேண்டும். ஒருமுறை லிஃப்ட் வேலைக்காகப் பாதையை அடைத்திருந்தபோது டீச்சர் எண்ணியது. போகும்போது ஏறிவிடலாம். ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலை.

மழைக்காலத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, வீட்டுக்குத் திரும்பும் வழியில், டீச்சரின் கையில் ஊசி குத்திய இடம் திறந்துகொண்டது. ரத்தம் முழங்கை வழியாகச் சீட்டில் இறங்கியது. சாவியக்கா காரை ஓரம்கட்டிப் பின்சீட்டுக்கு ஓடி, கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினாள். விரலை எடுத்தால் போச்சு. தையல்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் சாலையில் இறங்கி, வந்துகொண்டிருந்த லாரியின் முன் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். லாரிக்காரர் குதித்து இறங்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். காருக்குள் பார்த்தார். அதற்கு மேல் பேசாமல் காரின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு நிமிடம். கட்டைவிரல் எடுபடவே இல்லை. இரண்டு நாள் சாவியக்காவால் அந்த விரலை மடக்க முடியவில்லை.

அடுத்த மாதம் டீச்சரின் மகள் விமானத்தில் வந்தாள். பத்து நாள் விடுப்பு. முதல் நாளே சாவியக்காவின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம்மா. டீச்சர் நல்லா இருக்காங்கல்ல. போதும்."

மகள் ஒரு உறையை நீட்டினாள். சாவியக்கா அதை வாங்கி, மகளின் கைப்பையிலேயே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கார் பக்கம் திரும்பினாள். "சரி, உங்களுக்கு வேண்டாம். இதுக்குச் செய்றேன். இதுவும்தானே அம்மாவைக் காப்பாத்துச்சு? இது வேண்டாம்னு சொல்லாது பாருங்க."

சாவியக்கா கழுத்துச் சாவியைக் கையில் எடுத்தாள்.

சர்வீஸ் சென்டர் கண்ணாடியால் கட்டப்பட்டிருந்தது. சாவியக்கா குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்த்தி வைக்கப்பட்டாள். காகிதக் கோப்பையில் டீ வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார் மெல்ல உயர்ந்தது. அதன் அடிவயிற்றை அவள் நின்றுகொண்டு பார்ப்பது அதுதான் முதல் முறை.

சீருடை போட்ட ஒருவன் வந்து கேட்டான். "என்ன ஆயில் மேடம்?"

"இருக்கிறதிலேயே எது பெஸ்ட்டோ அது," என்றாள் மகள்.

"ஃபுல் சிந்தெட்டிக் போட்டுரலாம். முதல்ல ஒரு ஃப்ளஷ். உள்ள இருக்கிற கசடு எல்லாம் கழுவி எடுத்துரும்."

இந்த எஞ்சினுக்குக் கட்டி எண்ணெய்தான் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அது சாவியக்காவின் வாய் வரை வந்தது. மகளின் கை அவள் தோள்மேல் இருந்தது. இவ்வளவு ஆசையாகச் செய்கிறவளிடம் எப்படிச் சொல்வது? டீயைக் குடித்தாள்.

சீருடைக்காரன் ஒரு கண்ணாடி ஜாடியில் பழைய எண்ணெயைக் கொண்டுவந்து காட்டினான். தார் மாதிரி இருந்தது. "பாருங்க மேடம். இதை வெச்சுக்கிட்டா ஓட்டினாங்க?"

யாரோ தன் வீட்டு அடுக்களையைத் திறந்து காட்டியது மாதிரி சாவியக்காவுக்கு முகம் சுட்டது. புது எண்ணெய் தேன் நிறத்தில், தண்ணீர் போல இறங்கியது. மிச்சம் இருந்த டின்னை மகள் டிக்கியில் வைத்தாள்.

"குறைஞ்சா இதையே ஊத்துங்க அக்கா. வேற எதையும் கலக்காதீங்க."

"சரிம்மா. நல்லா இருப்பீங்க."

மறுநாள் காலை அவள் சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. உள்ளறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"இன்னும் கிளம்பலையா நீ?"

"ஓடிட்டுதான் இருக்கு."

"சத்தமே காணோம்?"

"ஆமா," என்றாள். ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள். இருவருமே சிரித்தார்கள்.

அன்று டீச்சர் வீட்டு வாசலில் அவள் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. டீச்சர் விளக்கை அணைக்காமலே ஓடி வந்தார். "வந்துட்டியா? நான் இன்னும் தெருமுனையையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எண்ணெய் மாத்தினதும் வண்டிக்கு வயசு குறைஞ்சிருச்சு டீச்சர்," என்றார் தையல்காரர். "நாமளும் வாரத்துக்கு மூணு தடவை மாத்துறோம். நமக்கு மட்டும் குறையவே மாட்டேங்குது."

ஆறு நாள் அப்படி ஓடியது. மகள் ஊர் திரும்பினாள். விமான நிலையத்துக்கு அதே காரில்தான் போனாள். இறங்கும்போது காரின் கூரையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள்.

ஏழாம் நாள் போர்ச்சில் செக்யூரிட்டி சைகை செய்தார். நரைத்த மீசைக்காரர். பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சாவியக்கா, கொஞ்சம் முன்னாடி எடுங்க."

எடுத்தாள். போர்ச்சில் அந்த ஆண்டுதான் வெளிர் நிறக் கல் பதித்திருந்தார்கள். கல்லின்மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தேன் நிறத்தில் ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சொட்டுகள்.

"உங்க வண்டியா இது? நம்பவே முடியல," என்றார் செக்யூரிட்டி. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். "மேனேஜர் பார்த்தா முதல் தடவை எழுதிக்குவார். ரெண்டாவது தடவை ஸ்டிக்கரைக் கிழிச்சிருவார். சீக்கிரம் பாருங்க."

சாவியக்கா தன் சேலைத் தலைப்பால் மிச்சத்தைத் துடைத்தாள்.

அவள் கொழுந்தன் மெக்கானிக். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் பட்டறை. அவன் காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து அட்டையை இழுத்துப் பார்த்தான். எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது கிராங்க் சீல். பின்னாடி. இது முன்னாடி சீல். இந்தச் சின்னது அடித்தட்டு பாக்கிங். என்ன எண்ணெய் அண்ணி ஊத்துனீங்க?"

அவள் சொன்னாள். அவன் அட்டையைக் கீழே வைத்தான்.

"எண்ணெய் மேல தப்பு இல்ல. நல்ல எண்ணெய். ரொம்ப நல்ல எண்ணெய். புது எஞ்சினுக்கு இதைவிட என்ன வேணும்?"

"அப்புறம் ஏன் ஒழுகுது?"

"எண்ணெய் வெளிய வராம புடிக்கிற ரப்பர் சீல் எல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு அண்ணி. உள்ள இருந்த அழுக்குதான் சந்துல உக்காந்து அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்க அதைக் கழுவிட்டாங்க. கழுவினதுக்கு மேல தண்ணி மாதிரி எண்ணெய் வேற."

"அப்போ இவ்வளவு நாளா அழுக்குதான் வண்டியக் காப்பாத்துச்சா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"பழைய கட்டி எண்ணெயவே திருப்பி ஊத்திரு."

"ஊத்துறேன். குறையும். நிக்காது. கழுவினது கழுவினதுதான்." தலையைச் சொறிந்தான். "கிராங்க் சீல் மாத்தணும்னா கியர் பாக்ஸ் இறக்கணும். நான் ஒத்தை ஆளு. மூணு நாள் விடுவீங்களா?"

இரண்டு நாள் வரவில்லை என்றால் வண்டி மேசை ஆட்களை வேறு வண்டிக்கு மாற்றிவிடும். புதிதாக ஒரு வாடகைக் கார்க் கம்பெனி வந்திருந்தது. நான்கு வெள்ளைக் கார்கள் போர்ச்சில் எப்போதும் வரிசையில் காத்திருந்தன.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இருக்கு," என்றாள்.

கொழுந்தன் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமை மத்தியானம் ஆளை வீட்ல விட்டதும் நேரா இங்க கொண்டு வாங்க. திங்கக்கிழமை காலைல நீங்க எடுத்துட்டுப் போறீங்க. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, அவரு படுத்துக்கிட்டே எனக்குப் பாடம் எடுப்பாரு."

"உன் ஞாயித்துக்கிழமை..."

"நான் ஓட்டப் பழகினது இந்த வண்டியில. போங்க அண்ணி."

புது எண்ணெயை இறக்கியபோது அவள் அதைக் கொட்ட விடவில்லை. டின்னில் பிடித்துத் தரச் சொன்னாள். டிக்கியில் மகள் வைத்த டின் பக்கத்தில் வைத்தாள்.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல. ஆசையா வாங்கிக் கொடுத்தது."

சனிக்கிழமை வரை செக்யூரிட்டிதான் காப்பாற்றினார். டயாலிசிஸ் மருந்துப் பாட்டில்கள் வரும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி, தன் மேசைக்குப் பின்னால் வைத்திருந்தார். சாவியக்கா நின்றதும் காலால் ஒரு அட்டையை அடியில் தள்ளுவார். கிளம்பியதும் காலால் இழுப்பார். யாரும் பார்க்கவில்லை.

"என்ன சொல்லி நன்றி சொல்றதுன்னே தெரியல," என்றாள்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போற அட்டை. உங்க கால்ல விழுறதுல அதுக்கென்ன கஷ்டம்?"

கொழுந்தன் சொன்னதைச் செய்தான். அந்த மாடலுக்கு சீல் கடைகளில் வருவதில்லை. கழித்துப் போட்ட கார்களை உடைக்கும் ஒருவனிடமிருந்து, பெட்டி பிரிக்காத ஒன்றைத் தேடி வாங்கியிருந்தான். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் போனபோது காரின் அடியில் அட்டை விரித்து, அதன் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தான். முழங்கை வரை கறுப்பு. அவள் எழுப்பவில்லை. அட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

மூன்று சொட்டு.

அவன் கண் திறந்தான். "முன்னாடி சீல். அதுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை வேணும். சீல் கிடைக்கணும் முதல்ல."

"நாப்பது சொட்டு மூணா ஆயிருக்கு. இது போதாதா?"

"எஞ்சினுக்குப் போதும் அண்ணி. ஓடும். கல்லுக்குத்தான் போதாது."

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் அறையில் டீச்சருக்கும் தையல்காரருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தையல்காரருக்கு இடது கையில் ஊசி. டீச்சரின் இடது கையில் ரத்தக்குழாய் முன்பே அடைபட்டுப் போனதால் அவருக்கு வலது கையில் ஊசி. அந்தக் கைகளை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. தையல்காரர் மடியில் ஒரு காக்கித் தார்ப்பாய்த் துண்டு இருந்தது.

"என்ன அது?" என்றார் டீச்சர்.

"வண்டிக்குக் கோவணம்."

டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"நிஜமாத்தான் டீச்சர். மெக்கானிக்கிட்ட அளவு வாங்கிட்டேன். சைலன்சர் பக்கம் போகாம, முன்னாடி மட்டும் கட்டணும். உள்ள ரெண்டு மடிப்பு பழைய டவல். மூணு சொட்டு என்ன, முந்நூறு சொட்டு குடிக்கும். நான் தைக்காத உடுப்பு இது ஒண்ணுதான். ஆனா பாருங்க, ஒத்தைக் கை. துணியப் புடிக்க ஆளு வேணும்."

டீச்சர் தன் இடது கையை நீட்டினார். அவர் மடிப்பைப் பிடித்தார். தையல்காரர் வலது கையால் ஊசியை ஏற்றினார். கித்தான் ஊசி, மெழுகு தடவிய நூல். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே துணி தொங்கியது.

"இழுத்துப் புடிங்க. சுருக்கம் விழுது."

"இழுத்துத்தான் புடிச்சிருக்கேன். நீங்க கோணலா குத்துறீங்க."

"முப்பத்தெட்டு வருஷமா குத்துறேன்."

"முப்பத்தெட்டு வருஷமா கோணலா குத்துறீங்க."

நர்ஸ் வந்தாள். இடுப்பில் கை வைத்தாள். "என்ன இது? இது ஆஸ்பத்திரியா, டெய்லர் கடையா?" இரண்டு பேரின் ஊசிக் கைகளையும் பார்த்தாள். அசையவில்லை. இரத்த அழுத்தத்தைக் குறித்தாள். போகும்போது தன் சட்டைப் பையிலிருந்த கத்தரிக்கோலை டீச்சரின் போர்வைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை தைத்து முடிந்தது. திரும்பும் வழியில் டீச்சர் பின்சீட்டிலிருந்து கேட்டார்.

"என் பொண்ணுகிட்ட சொல்லட்டுமா சாவி? முன்னாடி சீல் மாத்த அவ ஏற்பாடு பண்ணுவா. நீ கேக்க வேண்டாம். நான் கேக்குறேன்."

"சொல்லாதீங்க டீச்சர்."

"ஏன்?"

"அவங்க பத்து நாள் லீவுல ஒரு நாள் முழுசா அந்தக் கண்ணாடிக் கடையில உக்காந்திருந்தாங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டி நல்லா இருக்குன்னு நினைச்சு அங்க நிம்மதியா தூங்கட்டும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

கோவணம் திங்கட்கிழமையிலிருந்து, ஞாயிறு நீங்கலாக, பதினோரு நாள் தாங்கியது. கொழுந்தன் நான்கு மூலைகளிலும் கம்பி போட்டுக் கட்டியிருந்தான். சாவியக்கா ஒவ்வொரு சாயங்காலமும் அவிழ்த்து, டவலைப் பிழிந்து, சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டாள். கணவர் படுக்கையிலிருந்து அதைப் பார்ப்பார்.

"எனக்குக்கூட இவ்வளவு சுத்தமா துவைச்சுப் போட்டதில்ல நீ."

"நீங்க ஆஸ்பத்திரி போர்ச்சுல நிக்கிறதில்லையே."

வெளிர்க் கல்லில் ஒரு புள்ளி விழவில்லை. அதுவரை அட்டை தள்ளிக்கொண்டிருந்த செக்யூரிட்டி, மிச்ச அட்டைகளைப் பழைய பேப்பர்காரனுக்கே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் போர்ச்சை விட்டு இறங்கும்போது சாவியக்கா கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பாள். கல் வெறுமையாக இருக்கும். கழுத்துச் சாவிக் கயிற்றை ஒருமுறை தொட்டுக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். மேனேஜர் போர்ச்சில் நின்றிருந்தார். வெள்ளைக் கார் ஒன்றின் அடியில் ஈரம் கிடந்தது. அவர் ஷூ நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏசித் தண்ணி சார்," என்றார் வெள்ளைக் கார் டிரைவர்.

"சரி, சரி." அடுத்து நின்ற சாவியக்காவின் காரிடம் வந்தார். கல்லைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் குனிந்தவர் நிமிரவில்லை. போனில் விளக்கைப் போட்டு அடியில் காட்டினார்.

"இது என்ன?"

செக்யூரிட்டி தொண்டையைச் செருமினார். "கோவணம் சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "எண்ணெயில ஊறின துணியைச் சூடான எஞ்சினுக்குக் கீழ கட்டி, அதுல நோயாளிய ஏத்திட்டு வர்றீங்க. உள்ள ஆக்சிஜன் லைன் போகுது. தீப்பிடிச்சா யாரும்மா பதில் சொல்றது?"

சாவியக்கா யோசித்தாள். அவர் சொன்னதில் தவறு எதுவும் அவளுக்குப் படவில்லை.

"சைலன்சர் பக்கம் போகல சார். முன்னாடி மட்டும்தான். இன்னும் ஒரே ஒரு சீல். கிடைச்சதும் மாத்திருவோம். பதினெட்டு வருஷமா இந்த ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டி வருது. முதல்ல என் வீட்டுக்காரர், இப்ப நான்."

"எனக்குத் தெரியும்மா. உங்களப் பத்தி நர்ஸுங்க சொல்லியிருக்காங்க. அன்னிக்கு நீங்க செஞ்சதுக்கு ஆஸ்பத்திரி உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு." அவர் செக்யூரிட்டி பக்கம் திரும்பினார். "ஸ்டிக்கரை எடுத்திருங்க."

செக்யூரிட்டி பிளேடையும் ஈரத் துணியையும் கொண்டுவர நேரம் எடுத்துக்கொண்டார். ஸ்டிக்கர் முழுசாக வரவில்லை. பொடிப் பொடியாகச் சுரண்டினார். பச்சைத் துகள்கள் வைப்பரின் மேல் விழுந்தன. பசை மட்டும் சதுரமாக மிஞ்சியது.

"தப்பா நினைக்காதீங்கக்கா."

"உங்களையா? அட்டை போட்டுக் காப்பாத்துன ஆளு. விடுங்க. கண்ணாடியில கீறல் விழாம எடுத்தீங்களே, அதுவே பெருசு."

வண்டி மேசையில் அவள் பெயருக்கு மேல் கோடு விழுந்தது. நான்கு ஆட்களையும் வெள்ளைக் கார்களுக்குப் பிரித்தார்கள். பெயர் அடித்த பெண், சீல் மாற்றினால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றாள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் புது விண்ணப்பம் வாங்குவதில்லை என்பது அந்தத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. சாவியக்கா அதையும் படித்தாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தையல்காரர் வெள்ளைக் காரின் கதவருகே நின்றார்.

"என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது சாவி. நடந்தா பாதியிலேயே நின்னுருவேன். அங்கேயே ஒரு கடை போட்டுக்க வேண்டியதுதான்."

"போங்கண்ணே. ஏசி வண்டி."

"ஏசி எனக்கு ஆகாது. மூக்கு ஒழுகும்." ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார். "அந்தக் கோவணத்தைத் தூக்கிப் போட்டுராதே. நல்ல தையல் அது. டீச்சர் புடிச்ச பக்கம் மட்டும்தான் கோணல்."

டீச்சர் வெள்ளைக் காரில் ஏறவில்லை. மேசைப் பெண் இரண்டு முறை கூப்பிட்டாள்.

"நான் இவ வண்டியிலதான் போறேன்."

"டீச்சர், இனி நான் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்," என்றாள் சாவியக்கா. "உங்களால முடியாது. மகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நாப்பது வருஷம் நின்னுக்கிட்டே பாடம் எடுத்தவ நான். தொண்ணூத்தி நாலு அடி இறங்க மாட்டேனா?"

"இன்னிக்கு இறங்கிருவீங்க. செவ்வாக்கிழமை?"

"செவ்வாக்கிழமை வரட்டும்."

சாவியக்கா காரைக் கீழே கொண்டுபோய் வெளிகேட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பி ஏறி வந்தாள். டீச்சரின் இடது கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். வலது கையில் பிளாஸ்திரி, அதன்மேல் பஞ்சு. பஞ்சின்மேல் சாவியக்காவின் கட்டைவிரல் லேசாக இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

டீச்சர் எண்ணினார். முப்பதில் நின்றார். நாற்பத்திரண்டில் உதடு வெளுத்துவிட்டது.

செக்யூரிட்டி தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடி வந்தார். பாதை நடுவில் போட்டார். "இது இனி இங்கேயே கிடக்கும். யாராச்சும் கேட்டா என் நாற்காலி, நான் உக்காரப் போட்டேன்."

"நீ நல்லா இருக்கணும்பா," என்றார் டீச்சர். உட்கார்ந்து கண்ணை மூடினார். நெற்றியில் வியர்வை. சாவியக்கா கேட்டில் காரை நிறுத்தியபோதே தார்ப்பாய்த் துண்டை அவிழ்த்துக் கையிலேயே வைத்திருந்தாள். அதன் காய்ந்த பக்கத்தால் டீச்சருக்கு விசிறினாள். எண்ணெய் வாசம் வந்தது.

"தேவலையா டீச்சர்?"

"ம். காத்து வருது. நல்லா இருக்கு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ இருக்கேல்ல."

மேலே போர்ச்சில் நான்கு வெள்ளைக் கார்களும் நின்றன. ஆள் இல்லாத கார்களிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் வெளிர்க் கல்லில் கோடாகி, சரிவில் இறங்கி, நாற்காலியின் கால் வரை வந்திருந்தது.

டீச்சரின் பையில் போன் அடித்தது. சாவியக்கா எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் மகள். பின்னால் ஏதோ ஒரு ஊரின் வெயில்.

"அம்மா, முடிஞ்சுதா? வெளிய வந்துட்டியா? சாவியக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா," என்றார் டீச்சர்.

சாவியக்கா துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். திரைக்குள் தலையை நீட்டினாள்.

"அக்கா! உங்களத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன். இங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க அம்மாவை ஒரு அக்கா பார்த்துக்கிறாங்கன்னு. சொல்லுங்க, நான் போட்டுக் கொடுத்த எண்ணெய் எப்படி இருக்கு? இப்ப வண்டி நல்லா ஓடுதா?"